பின்னால் வந்த படகு



தண்டவாளத்தோடு முப்பத்தேழு வருடம் காலம் தள்ளியவனுக்குக் கடலில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். நான் பிறந்த ஊரில் ஏரி உண்டு, கடல் கிடையாது. ஆனால் சக்ரதர்பூரில் பெர்மனென்ட் வே பிரிவில் வேலை பார்த்த நாட்களில், ரயில்வே இன்ஸ்டிட்யூட் நூலகத்தில் ஜோஷுவா ஸ்லோகம் என்பவர் எழுதிய கடற்பயண நூல் கைக்குக் கிடைத்தது. தனி ஆளாக, சுமார் 37 அடி நீளமுள்ள பாய்மரப் படகில் உலகத்தை முதன்முதலாகச் சுற்றி வந்த மனிதர் அவர். 1895 ஏப்ரலில் பாஸ்டனில் பாய் விரித்தவர், 1898 ஜூனில்தான் அமெரிக்கக் கரைக்குத் திரும்பினார். அன்று பிடித்த ஆசை இன்றுவரை விடவில்லை. சிறிய படகுகளில் எங்கோ நடுக்கடலில் கிடக்கும் தீவுகளுக்குப் போய் வருகிறவர்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன்.

இங்கே நான் எழுத வந்தது அவர்களுடைய சாகசத்தைப் பற்றி அல்ல. அவர்கள் தங்களுக்குள் எப்படிப் பழகுகிறார்கள், போய் இறங்கும் தீவின் மக்களோடு எப்படிப் பழகுகிறார்கள் என்பதைப் பற்றி. சொந்த ஊரை விட்டு வந்து இன்னொருவர் மண்ணில் குடியிருக்கும் நமக்கு அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு. தள்ள வேண்டியதும் உண்டு.

காற்று போட்ட கால அட்டவணை

யாட்ச் என்றதும் கோடீஸ்வரர்களின் வெள்ளைக் கப்பல் நம் நினைவுக்கு வருகிறது. நான் சொல்லும் படகுகள் வேறு வகை. முப்பது, நாற்பது அடி நீளம். உள்ளே ஒரு சமையல் மேடை, இரண்டு மூன்று படுக்கை. நம் டூ டயர் பெட்டியில் நான்கு பேர் இருக்கும் இடத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம். ஓய்வு பெற்ற ஆசிரியர், மெக்கானிக், செவிலியர் என்று பலர் வீட்டை விற்றுவிட்டு அந்தப் பணத்தில் படகு வாங்கி, ஓய்வூதியத்தில் காலம் கழிக்கிறார்கள். சிறு குழந்தைகளோடு போகும் இளம் தம்பதிகளும் உண்டு.

வேகம் எவ்வளவு தெரியுமா? நல்ல காற்றில் மணிக்கு ஐந்து, ஆறு கடல் மைல். அதாவது சுமார் 10 கிலோமீட்டர். லைன் பார்க்க நாங்கள் போன புஷ் டிராலியின் வேகம்தான். ஆனால் டிராலி மாலையில் வீடு திரும்பிவிடும். படகு இரவு பகலாகப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் ஒரு நாளில் நூறு முதல் நூற்றைம்பது கடல் மைல் வரை கடந்துவிடும்.

இத்தனை பெரிய கடலில் ஒரு படகு இன்னொரு படகை எப்படிச் சந்திக்கிறது? இதற்குக் காரணம் காற்று. தெற்கு இந்துமாக் கடலில் ஏறக்குறைய நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். அது முடிந்த பிறகு தென்கிழக்கிலிருந்து ஒரே சீராகக் காற்று வீசுகிறது. ஆஸ்திரேலியாவின் வடகரையிலிருந்து கோகோஸ் தீவு, ரோட்ரிகஸ், மொரிஷியஸ், அங்கிருந்து தென்னாப்பிரிக்கா என்று போகிறவர்கள் அந்த மாதங்களுக்குள் கடந்தாக வேண்டும். காற்றே கால அட்டவணை போட்டுவிடுவதால் எல்லாரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே தீவுகளுக்கு வந்து சேர்கிறார்கள். கோகோஸில் பார்த்த முகம் ரோட்ரிகஸில் தெரிகிறது. ரோட்ரிகஸில் பார்த்தது டர்பனில் தெரிகிறது. சக்ரதர்பூரில் பக்கத்து குவார்ட்டர்ஸில் இருந்த குடும்பம் ஆறு வருடம் கழித்து பிலாஸ்பூரில் எதிர் குவார்ட்டர்ஸுக்கு வந்ததே, அதைப் போல.

கூட்டாஞ்சோறு

வாரக்கணக்கில் தண்ணீரையே பார்த்துவிட்டு வந்து நங்கூரம் போட்டதும், அக்கம்பக்கத்துப் படகுக்காரர் சிறு தோணியில் வந்து நலம் விசாரிப்பார். அன்று மாலையோ மறுநாளோ கரையில் விருந்து. அழைப்பிதழ் கிடையாது. ஒவ்வொரு படகும் தன்னால் முடிந்த ஒரு பண்டத்தைச் செய்து எடுத்து வரும். தட்டும் கரண்டியும்கூட அவரவர் கொண்டு வரவேண்டும். ஒருவர் பிடித்த மீனைச் சுடுவார்; ஒருவர் ரொட்டி கொண்டு வருவார்; காய்கறி தீர்ந்துபோனவர் டப்பாவில் அடைத்த பீன்ஸைச் சூடு பண்ணி வருவார். நம் பிள்ளைகள் ஆற்றங்கரையில் பொங்கித் தின்ற கூட்டாஞ்சோறுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்த மணலில் யாரும் யாரையும் குடும்பப் பெயரால் அறிவதில்லை. படகின் பெயரே குடும்பப் பெயர். நம் காலனியில் "ஏழாம் நம்பர் மாமி", "சிக்னல் சார் வீடு" என்று சொன்னோமே, அப்படித்தான். என்ன சம்பளம் வாங்கினாய், எந்த கிரேடில் ஓய்வு பெற்றாய் என்று கேட்பவர் குறைவு. உன் பம்ப்பில் என்ன கோளாறு, பாயில் கிழிசல் எங்கே என்று கேட்பவர்கள் அதிகம். படித்து முடித்த புத்தகங்கள் கைமாறும். பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாக விளையாடும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதுதான் ரயில்வேக்காரனான என்னை மிகவும் கவர்ந்தது. ஒரே திசையில் போகும் படகுகள் தினமும் குறித்த நேரத்தில் ரேடியோவில் கூடுகின்றன. ஒருவர் பொறுப்பேற்று நடத்துவார். முதலில், "யாருக்காவது அவசர உதவி தேவையா?" என்று கேட்டுவிட்டுச் சில நொடி காத்திருப்பார். பிறகு ஒவ்வொரு படகாகப் பெயர் சொல்லி அழைப்பார். அழைக்கப்பட்டவர் தான் இருக்கும் இடம், காற்றின் வேகம், படகிலுள்ளோர் நலம் ஆகியவற்றைச் சொல்வார். பதில் வராத படகின் பெயர் குறித்துக்கொள்ளப்படும். மறுநாளும் பதில் இல்லையென்றால் தேடத் தொடங்குவார்கள். எங்கள் செக்ஷன் கண்ட்ரோலர் ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கூப்பிட்டு வண்டி எங்கே என்று கேட்பதும் இதே முறைதான். இப்போது செயற்கைக்கோள் இணையம் படகுகளுக்கும் வந்துவிட்டது. ஆனால் கைப்பேசியில் ஆயிரம் செய்தி வந்தாலும், "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று பெயர் சொல்லி ஒருவர் கேட்பதற்கு அது ஈடாகுமா?

இப்படிப் பழகுவது வெறும் பொழுதுபோக்கு இல்லை. டாம் நீல் என்ற நியூசிலாந்துக்காரர் 1952-ல் குக் தீவுகளைச் சேர்ந்த சுவாரோ என்ற ஆளில்லாத் தீவில் தன்னந்தனியாகக் குடியேறினார். 1954-ல் நங்கூரத்தை வீசும்போது முதுகு பிடித்துக்கொண்டு, எழ முடியாமல் குடிசையில் கிடந்தார். தற்செயலாக அங்கே வந்து சேர்ந்த ஒரு படகில் இருந்த இரண்டு அமெரிக்கர்கள்தான் அவரைக் காப்பாற்றினார்கள். தனிமையே வேண்டுமென்று போனவரும் பக்கத்துப் படகுக்காரரால்தான் பிழைத்தார்.

நம் நாட்டு உதாரணமும் உண்டு. கேரளத்தைச் சேர்ந்த கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி 2018-ல் கோல்டன் குளோப் போட்டியில் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். செப்டம்பரில், பெர்த்திலிருந்து சுமார் 1,900 கடல் மைல் தொலைவில், புயலில் அவருடைய படகு புரண்டது, பாய்மரம் ஒடிந்தது, முதுகில் பலத்த அடி. அதே போட்டியில் இருந்த அயர்லாந்துக்காரர் கிரெகர் மெக்கக்கினின் படகும் மரம் ஒடிந்த நிலையில்தான் இருந்தது. அப்படியும் அவர் அபிலாஷ் கிடந்த திசை நோக்கியே படகைத் திருப்பினார். பிரெஞ்சு மீன்வளக் காவல் கப்பலான ஒசிரிஸ் முதலில் போய்ச் சேர்ந்து இருவரையும் மீட்டு, ஆம்ஸ்டர்டாம் தீவில் கொண்டுபோய்ச் சேர்த்தது. போட்டியாளன் என்ற நினைப்பு மெக்கக்கினைத் தடுக்கவில்லை. அபிலாஷ் அதோடு ஓய்ந்துவிடாமல், 2022-ல் தொடங்கிய அடுத்த போட்டியில் இரண்டாவதாக வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் தாரிணி என்ற கடற்படைப் பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, எட்டு மாதத்தில் உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். ஆகவே இது வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் உரிய கதை என்று ஒதுக்க வேண்டியதில்லை.

முதலில் வந்தவருக்கே இடம்

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நங்கூரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பத்து மீட்டர் ஆழத்தில் பத்து மீட்டர் சங்கிலி விட்டால் நங்கூரம் பிடிக்காது. சங்கிலி தரையோடு படுத்து இழுத்தால்தான் பிடிக்கும். அதனால் ஆழத்தைப் போல் ஐந்து மடங்காவது சங்கிலி விடுவார்கள். காற்று திசை மாறும்போது படகு அந்தச் சங்கிலியின் நீளத்துக்கு ஒரு வட்டம் போடும். இரண்டு படகுகளின் வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டினால் இரவில் மோதல் நிச்சயம். எங்கள் யார்டில் ஃபவுலிங் மார்க் என்று ஒரு அடையாளம் வைத்திருப்போம். இரண்டு பாதைகள் சேரும் இடத்தில், அந்த அடையாளத்தைத் தாண்டி ஒரு வண்டியை நிறுத்தினால் பக்கத்துப் பாதையில் வரும் வண்டி இடிக்கும். கடலில் அப்படிக் கல் நட முடியாது. அதற்குப் பதிலாக உலகெங்கும் மாலுமிகள் ஒரு வழக்கத்தை வைத்திருக்கிறார்கள்: முதலில் நங்கூரம் போட்டவருக்கே இடம். பின்னால் வந்தவர் முன்னவருடைய வட்டத்தைக் கணக்கிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். மோதும்போல் இருந்தால் பின்னால் வந்தவர்தான் நங்கூரத்தைத் தூக்க வேண்டும். முந்தியவர் படகு சிறியதா பெரியதா என்ற பேச்சே கிடையாது.

எவ்வளவு நாகரிகமான விதி! ஆனால் என் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது. படகுக்கும் படகுக்கும் இடையே கடைப்பிடிக்கும் இந்த விதியை, படகுக்கும் தீவுக்கும் இடையே கடைப்பிடிக்கிறார்களா? அந்தத் தீவில் முதலில் நங்கூரம் போட்டவர்கள் தீவின் மக்கள் அல்லவா?

மூன்று தீவுக் கூட்டங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலில் கோகோஸ் கீலிங். பெர்த்துக்கு வடமேற்கே 2,700 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள பவளத் தீவுகள். 1836-ல் டார்வின் வந்து பார்த்த இடம். நம் சென்னைக்கும் அதற்கும் ஒரு தொடர்பு உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசி, நம் பேச்சில் 'எம்டன்' என்ற சொல்லையே விட்டுச்சென்ற ஜெர்மன் கப்பல், நவம்பர் 9-ஆம் தேதி இந்தத் தீவுகளில்தான் ஆஸ்திரேலியக் கப்பலால் அடிபட்டுத் தரைதட்டியது. அன்று டைரக்ஷன் தீவிலுள்ள தந்தி நிலையத்தை உடைக்க இறங்கியிருந்த எம்டன் மாலுமிகள், அங்கே நின்ற ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலில் ஏறித் தப்பினார்கள். இன்று அதே டைரக்ஷன் தீவின் ஓரத்தில்தான் உலகம் சுற்றும் சிறு படகுகள் நங்கூரமிடுகின்றன. தென்னை மர நிழல், தெளிந்த நீர், மணலில் கூட்டாஞ்சோறு. அந்தத் தீவில் ஊர் கிடையாது.

ஊர் இருப்பது எதிரே ஹோம் தீவில். அங்கே வாழும் மலாய் மக்களின் முன்னோர் 1820-களில் தென்னந்தோப்பு வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். தோட்ட முதலாளியான க்ளூனிஸ்-ராஸ் குடும்பம் தானே அச்சடித்த 'கோகோஸ் ரூபாய்' வில்லைகளைக் கூலியாகக் கொடுத்தது. அவை அந்தக் குடும்பத்தின் கடையில் மட்டுமே செல்லும். 1978-ல் ஆஸ்திரேலிய அரசு தீவுகளை விலைக்கு வாங்கி, 1984-ல் ஐக்கிய நாடுகள் சபையின் மேற்பார்வையில் வாக்கெடுப்பு நடந்த பிறகுதான் அந்த மக்கள் முழுக் குடியுரிமையோடு நிமிர்ந்தார்கள். டைரக்ஷன் தீவில் இரண்டு வாரம் தங்கி, பத்துப் படகுக்காரர்களோடு உயிர்த் தோழமை கொண்டாடிவிட்டு, எதிர்க்கரையில் ஒரு மனிதரின் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் ஒருவர் புறப்பட்டுப் போய்விட முடியும்.

ஸ்லோகம் 1897 ஜூலையில் அங்கே போனார். வழியில் 23 நாளில் மொத்தமாக மூன்று மணி நேரத்துக்கு மேல் சுக்கானைப் பிடிக்கவில்லையாம். படகு தானே நேராகப் போனதாம். என்னை அதிகம் கவர்ந்தது வேறொன்று. அவருடைய தோழமை அங்கே தீவுக் குழந்தைகளோடுதான். அவர் ரொட்டியில் கறுப்பு ஜாமைத் தடவித் தின்பதைப் பார்த்த பிள்ளைகள், கேப்டன் தார் தின்கிறார் என்று கூச்சலிட்டார்களாம். பிறகு தாங்களும் சுவைத்துப் பார்த்து மகிழ்ந்தார்கள். பேச வேறு படகு இல்லாததால் அந்தத் தனி மனிதர் ஊரோடு பழகினார். இருபது படகுகள் சேர்ந்து வரும்போது ஊர் தேவையில்லாமல் போய்விடுகிறது. கூட்டத்தின் அபாயம் இதுதான்.

இரண்டாவது, சாகோஸ். நம் இந்துமாக் கடலின் நடுவில், மாலத்தீவுக்குத் தெற்கே உள்ளது. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் ஆகிய இடங்களிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும், பின்னால் நம் தென்னிந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களும் கலந்து உருவான மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகத் தேங்காய்த் தோப்பை நம்பி வாழ்ந்தார்கள். 1965-ல் பிரிட்டன் அந்தத் தீவுகளை மொரிஷியஸிலிருந்து பிரித்தது. டீகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைப்பதற்காக, 1968 முதல் 1973-க்குள் மொத்த மக்களும் மொரிஷியஸுக்கும் செஷல்ஸுக்கும் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அவர்கள் வளர்த்த நாய்களும் கொல்லப்பட்டன.

பின்பு என்ன நடந்தது? காலியாகிவிட்ட சாலமன் தீவு வளையத்துக்குச் சிறு படகுகள் அனுமதி பெற்று வரத் தொடங்கின. 1990-களில் சிலர் மாதக்கணக்கில் தங்கினார்கள். பொடாம் தீவின் பழைய கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள். மரங்களில் தூளி கட்டினார்கள். இடிந்த வீடுகளின் பக்கத்தில் விருந்து வைத்தார்கள். மாலுமிகள் பலர் அதைப் பூலோக சொர்க்கம் என்று எழுதியிருக்கிறார்கள். கிணற்றை வெட்டியவனும் தேவாலயத்தைக் கட்டியவனும் போர்ட் லூயிஸ் நகரின் சேரிகளில் இருந்தான். 2006-ல் சுமார் நூறு சாகோஸ் மக்களைச் சில நாட்கள் மட்டும் அழைத்துப் போய், முன்னோர் கல்லறைகளைச் சுத்தம் செய்து வழிபட அனுமதித்தார்கள். பாய் விரித்து வந்த அந்நியனுக்கு மாதக்கணக்கு. மண்ணில் பிறந்தவனுக்கு நாள் கணக்கு. அங்கே வந்த படகுக்காரர்கள் யாரையும் விரட்டவில்லை. அந்தப் பாவம் அரசாங்கங்களுடையது. ஆனாலும் காலியான வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து காற்று வாங்குகிறவன், இது யார் வீடு என்றாவது கேட்க வேண்டாமா?

மூன்றாவது, பசிபிக் கடலில் குக் தீவுகளைச் சேர்ந்த பால்மர்ஸ்டன். தலைநகர் இருக்கும் ரரோடோங்காவிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர். விமான தளம் கிடையாது. சரக்குக் கப்பல் வருடத்தில் சில தடவைதான் எட்டிப் பார்க்கும். 1863-ல் குடியேறிய வில்லியம் மார்ஸ்டர்ஸ் என்ற ஆங்கிலேயர், அவருடைய பாலினீசிய மனைவியர் மூவர் ஆகியோரின் வழிவந்த சில பத்துப் பேர்தான் அங்கே வாழ்கிறார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. படகு கண்ணில் பட்டதும் தீவிலிருந்து தோணிகள் புறப்படும். எந்தக் குடும்பத்தின் தோணி முதலில் போய்ச் சேருகிறதோ, அந்தக் குடும்பமே வந்தவர்களுக்கு உபசாரம் செய்யும். படகைக் கட்ட இடம் காட்டுவது, பவளப் பாறைகளுக்கு நடுவே கரைக்கு அழைத்துப் போவது, மதிய உணவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. வந்தவர் சும்மா இருப்பதில்லை. பழுதான ஜெனரேட்டரைப் பார்த்துக் கொடுப்பார். தபாலையும் சாமான்களையும் கொண்டு வந்து சேர்ப்பார். அங்கே போனவர்கள் எழுதியதைப் படித்தால், மற்ற படகுகளைப் பற்றி நாலு வரி, அந்தக் குடும்பத்தைப் பற்றி நாற்பது வரி இருக்கும்.

போர்ட் பிளேரில் ஒரு பேச்சு

2020 ஜனவரியில் நானும் என் மனைவியும் அந்தமான் போயிருந்தோம். போர்ட் பிளேரில் ராமநாதபுரம் பக்கத்துக்காரர் ஒருவர் நடத்தும் இட்லிக் கடையில் காலைப் பலகாரம். எதிரே நீரில் ஒரு வெளிநாட்டுப் பாய்மரப் படகு நின்றது. என் ஆவலைச் சொல்லவும் வேண்டுமா? அவர்கள் இங்கே வருவார்களா என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "வருவாங்க ஐயா. ரெண்டு விதமா வருவாங்க. கூட்டமா வந்தா அவங்களுக்குள்ளயே பேசிச் சிரிச்சிட்டுக் காசு குடுத்திட்டுப் போயிருவாங்க. தனியா வர்றவங்கதான் இது என்னா மாவு, எம்புட்டு நேரம் புளிக்கணும், உங்க பேரு என்னான்னு கேப்பாங்க. போன வருசம் ஒரு அம்மா வந்தாங்க. அடுப்படிக்கே வந்து மாவு ஆட்டுறதப் பாத்துட்டுப் போனாங்க."

நான் படித்த புத்தகங்கள் அத்தனையும் சொன்னதை அவர் நாலு வரியில் சொல்லிவிட்டார்.

நாம் போட்ட நங்கூரம்

இப்போது நம் கதைக்கு வருவோம். நாமும் ஒரு காற்றில் வந்தவர்கள்தாம். 1890-களின் தொடக்கத்தில் சக்ரதர்பூர் வழியாக ரயில் பாதை வந்தது. 1907-ல் டாடா கம்பெனி தொடங்கப்பட்டது. சாக்சி கிராமம் இருந்த இடம் 1919-ல் ஜம்ஷெட்பூர் ஆயிற்று. ரயிலும் எஃகும் நம் பாட்டனாரையும் தகப்பனாரையும் நம்மையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தன. இங்கே முதலில் நங்கூரம் போட்டிருந்தவர்கள் ஹோ, சந்தால், முண்டா, பூமிஜ் மக்கள்.

நம் சங்கம் ஒரு நல்ல துறை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புதிதாக மாற்றலாகி வந்த குடும்பத்துக்கு வாடகை வீடு பார்த்துக் கொடுத்தது, பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்தியது, இரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாம் இந்தச் சங்கத்தார்தாம். படகுக்காரர்களின் தோழமைக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

ஆனால் எதிர்க்கரைக்கு எத்தனை பேர் போனோம்? முப்பது நாற்பது வருடமாக இங்கே இருப்பவர்களில், 'ஜோஹார்' என்று ஒருவருக்கு வணக்கம் சொன்னவர்கள் எத்தனை பேர்? நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாவின் ஊர் எது, அவர் வீட்டில் பேசும் மொழி எது என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர்? என் கீழ் வேலை செய்த கேங் மேட் ஒரு ஹோ மனிதர். ஆற்றுப் பாலத்தருகே எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினால், அன்றிரவு அந்தப் பாலத்துக்கு ஒரு காவலாளைக் கூடுதலாகப் போடச் சொல்வார். அந்த எச்சரிக்கையை ஒரு நாளும் நான் அலட்சியம் செய்ததில்லை. பாலிடெக்னிக் மூன்று வருடத்தில் சொல்லித்தராத பாடத்தை அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் இந்த மண்ணை அறிந்தவர்; நான் மண்ணின் தாங்குதிறனை மட்டும் அறிந்தவன்.

"நாம் போய்ப் பழகினால் நம் பிள்ளைகள் தமிழை மறந்துவிடுவார்கள்" என்று ஒரு மூத்த உறுப்பினர் என்னிடம் சொன்னார். அவர் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் பிள்ளைகள் தமிழை மறப்பது ஹோ மொழியாலா, தொலைக்காட்சியாலும் கைப்பேசியாலுமா? பால்மர்ஸ்டனில் விருந்துண்டவர்கள் யாரும் தங்கள் நாட்டை மறந்துவிடவில்லை. பக்கத்து வீட்டாருக்குத் தன் மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டி வரும்போதுதான் பிள்ளைக்கு அதன் மேல் அக்கறை பிறக்கும்.

சங்கத்தின் செயற்குழுவுக்கு இரண்டு யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று, பொங்கலைப் பற்றியது. நம் பொங்கலை ஒட்டி வரும் மகர சங்கராந்தி நாளில்தான் இந்தப் பகுதி மக்கள் டுசு பண்டிகையைக் கொண்டாடுகிறார்கள். அதுவும் அறுவடைப் பண்டிகைதான். வருடா வருடம் மேடை போட்டு, ஒரு பெரிய அதிகாரிக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். அடுத்த பொங்கலுக்குப் பொன்னாடைச் செலவைக் குறைத்து, பக்கத்துக் கிராமத்து இருபது குடும்பங்களை அழைப்போம். அவர்கள் அரிசிப் பலகாரம் கொண்டு வரட்டும். நாம் சர்க்கரைப் பொங்கல் வைப்போம். தட்டு அவரவருடையது. மறு வருடம் அவர்கள் அழைத்தால் நாம் போவோம். பேச்சாளர் வேண்டாம். பிள்ளைகள் ஓடி விளையாட ஒரு மைதானம் போதும்.

இரண்டு, காலை அழைப்பு. கத்மா, சோனாரி, டெல்கோ பகுதிகளில் நம் உறுப்பினர்களில் எத்தனையோ முதியவர்கள் தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும். குளியலறையில் வழுக்கி விழுந்தால் பால்காரர் வந்து கதவைத் தட்டும்வரை யாருக்கும் தெரியாது. நடுக்கடலில் போகும் படகுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு நம் பெரியவர்களுக்கு ஊருக்குள் கிடைக்க வேண்டாமா? தினமும் காலை எட்டு மணிக்கு ஒருவர் பொறுப்பேற்றுப் பெயர் சொல்லி அழைக்கட்டும். "இருக்கிறேன், நலம்" என்ற இரண்டு சொல் போதும். பதில் வராத வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர் போய்ப் பார்க்கட்டும். அந்தப் பட்டியலில் தமிழர் பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று விதி போடாதீர்கள். அடுத்த வீட்டு வங்காளி தாத்தாவும் எதிர் வீட்டு சந்தால் பாட்டியும் தனியாகத்தான் இருக்கிறார்கள்.

கண்ட்ரோல் போனில் முப்பத்தேழு வருடம் பதில் சொன்னவன் நான். கூப்பிடும் வேலையை முதல் ஆறு மாதம் நானே பார்க்கத் தயார். விருப்பமுள்ளவர்கள் தங்கள் பெயரையும், தங்கள் தெருவில் தனியாக இருக்கும் பெரியவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் சம்மதத்தோடு அவர்கள் பெயரையும், சங்கக் காரியதரிசியிடம் எழுதிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.